துரை தந்த எலி

துரை கொண்டுவந்து நீட்டிய முதல் எலியைச் சிவரூபி வாங்காமல் விட்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது. ஆனால் அவள் வளர்ந்த வளர்ப்பு அப்படி. ஒரு வீட்டுக்குப் போனால், அங்கே கொடுப்பது வெறும் தேநீராக இருந்தாலும் வாங்கி ஒரு வாயாவது குடிக்க வேண்டும், வேண்டாம் என்பது கொடுத்தவர் முகத்தில் அடிப்பதற்குச் சமம் என்று யாழ்ப்பாணத்து உரும்பிராயில் அவளுக்குச் சொல்லிச் சொல்லியே வளர்த்திருந்தார்கள். கொடுப்பது ஆந்தையாக இருந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

ஆம், துரை ஓர் ஆந்தை. நம் ஊர் முருங்கை மரத்தில் இருந்து அலறி, எல்லோரிடமும் திட்டு வாங்கும் ஆந்தை இல்லை. உலகின் வடக்குக் கோடியில், வருடத்தில் பாதி பனி மூடிக் கிடக்கும் ஊசியிலைக் காடுகளில் வாழும் பெரிய சாம்பல் ஆந்தை. முகம் ஒரு சோற்றுத் தட்டு அகலம். அந்த அகலமெல்லாம் காதுக்காகத்தான். முழங்கால் ஆழப் பனிக்கு அடியில் எலி ஒன்று நகர்ந்தாலும் மரத்தில் இருந்தபடியே கேட்டுவிடும். கழுத்தில் டை கட்டியதுபோல வெள்ளையாக ஒரு பட்டை. அதனால்தான் சிவரூபி அவனுக்குத் துரை என்று பெயர் வைத்தாள். கூண்டுக்கு வெளியே இருந்த பலகையில் வேறு ஒரு பெயர் எழுதியிருந்தது. அது ஒருவர் வாயிலும் நுழையவில்லை.

அபுதாபியில், முசஃபாவின் பட்டறைகளையெல்லாம் தாண்டி, பாலைவனம் தொடங்கும் இடத்தில் இருந்தது அந்த மிருகப் பூங்கா. வெளியே தார் ரோடு இளகும் வெயில். இரண்டு கதவுகளைக் கடந்து அந்தப் பெரிய மண்டபத்துக்குள் போனால் பல்லை நடுக்கும் குளிர். கூரையைத் தொடும் ஸ்புரூஸ் மரங்கள், வெள்ளைப்பட்டை பர்ச் மரங்கள், மேலிருந்து பனி தூவும் இயந்திரம். ஒரு பக்கம் ரெயின்டீர் மான்கள், இன்னொரு பக்கம் லின்க்ஸ் பூனைகள், நடுவில் ஆந்தைக்கு உயரமான வலைக்கூண்டு. வெளிச்சம்கூட அங்கே ஊர் வெளிச்சம் இல்லை. வடக்கே எந்த மாதத்தில் எவ்வளவு நேரம் பகலோ, அவ்வளவு நேரம்தான் விளக்கு எரியும். அங்கே வேலை செய்த தமிழர்கள் அந்த மண்டபத்துக்கு வைத்த பெயர் வடகாடு. சிவரூபி அங்கே ஆந்தைக்குத் தீனி வைப்பவள். வடகாட்டில் டியூட்டி என்றால் தொழிலாளர் கேம்பில் மற்றவர்கள் பெருமூச்சு விடுவார்கள். ஜூலை மாதத்தில் தடித்த கோட்டு மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவனைப் பார்த்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

வயிற்றெரிச்சல் பற்றிச் சிவரூபிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பொறாமை அவளுக்குப் பிறவிக் குணம். ஒன்றுவிட்ட தங்கை கழுத்தில் தடித்த சங்கிலி ஏறியபோது காய்ச்சலில் படுத்தவள் அவள். பக்கத்து ஃபிளாட் கஜந்தினி அவித்துக் கொடுத்த புட்டை அவள் கணவர் அரியரத்தினம் "நல்ல பதம்" என்று ஒரே ஒரு தடவை புகழ்ந்ததற்காக, மாதக்கணக்கில் வீட்டில் புட்டே அவிக்காமல் இருந்தவள். கெட்டவள் என்று சொல்ல முடியாது. தனக்கென்று ஒன்று கிடைத்தால் அது தனக்கு மட்டுமே என்று இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அரியரத்தினம் முசஃபாவில் ஒரு கராஜில் ஸ்டோர் பார்த்தார். அமைதியான மனிதர், வைத்ததைச் சாப்பிடுவார், குடியில்லை, கூத்தில்லை. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து வீட்டுக்கு வரும்போது அவளுக்கென்று ஒரு முழம் பூ அவர் கையில் இருந்ததில்லை. கேட்டால், "என்ன வேணும் எண்டு சொன்னால் வாங்கி வாறன்தானே" என்பார். சொல்லி வாங்குவதில் என்ன இருக்கிறது என்பது அந்த மனிதருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

துரை சொல்லாமலே கொண்டுவந்தான். விளக்குப் பகல் நீளத் தொடங்கியிருந்த நேரம். கூண்டுக்குள் போய்த் தட்டில் செத்த எலிகளை வைத்துவிட்டுத் திரும்பினாள். தோளுக்குப் பக்கத்தில் காற்று மட்டும் அசைந்தது. சிறகுச் சத்தமே இல்லை. பார்த்தால் பக்கத்துக் கிளையில் துரை. அலகில் அவள் சற்று முன் வைத்த எலி. முன்னால் குனிந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அதை அவளிடம் நீட்டினான். சிவரூபிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உறை போட்ட கையால் வாங்கிக்கொண்டு, "நல்ல பிள்ளை" என்றாள். அவன் கண்ணைத் திறந்து அடித்தொண்டையில் மெதுவாக ஏதோ சொன்னான். மறுநாளும் கொண்டுவந்தான், அதற்கு மறுநாளும். அவள் ஒவ்வொரு தடவையும் வாங்கிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

இதைப் பார்த்துவிட்டுப் பூங்காவின் மிருக வைத்தியர் டாக்டர் ஆமிரா அவளைக் கூப்பிட்டு விளக்கம் சொன்னார். ஆமிரா ஜோர்தான்காரர், வடகாடு முழுவதும் அவர் பொறுப்பு. அதிகம் சிரிக்காதவர்.

"இவனைக் குஞ்சாக இருக்கும்போதே மனிதர்கள் எடுத்து வளர்த்தார்கள். அதனால் மனிதர்தான் தன் இனம் என்று நினைக்கிறான். இவனுடைய காட்டில் ஆண் எலியைக் கொண்டுபோய்க் கொடுக்கும். பெண் வாங்கிக்கொண்டால் கல்யாணம் முடிந்தது. நீ வாங்கிக்கொண்டாய்."

"எனக்கு ஏற்கெனவே ஒருத்தர் இருக்கிறார் டொக்டர்" என்றாள் சிவரூபி.

பக்கத்தில் நின்ற ஜெயமணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அரியலூர்ப் பக்கத்து ஆள். பனி இயந்திரத்தைப் பழுதுபார்க்க வந்து, அப்படியே மிருகங்களோடு ஒட்டிக்கொண்டவன். "மாமாவுக்குத் தெரியுமாக்கா?" என்றான்.

"போடா" என்றாள். வெளியே எரிச்சல், உள்ளே தேன். அன்று சோறு போடும்போது கணவரிடம் மெல்ல எடுத்துவிட்டாள்.

"இஞ்சருங்கோ, ஒரு ஆந்தை எனக்கு ஒவ்வொரு நாளும் எலி கொண்டுவந்து தருது."

அரியரத்தினம் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டுத்தானே கறி போட்டனீர்?" என்று கேட்டார்.

அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டவள் கதை கேட்டிருப்பீர்கள். இவள் புருஷனைக் கைவிடவில்லை. ஆனால் அன்றிலிருந்து காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கண்ணாடி பார்த்துத் தலை வாரினாள்.

இப்படி ஒரு வருடம் ஓடியது. அடுத்த குளிர்காலத்தில், அதாவது வடகாட்டு விளக்குக் குளிர்காலத்தில், பின்லாந்திலிருந்து விமானத்தில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே ஒரு பெண் ஆந்தை. ஆந்தைகளில் பெண்தான் பெரிது. துரையைவிட ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. ஜெயமணி பார்த்த கையோடு துரைசானி என்று பெயர் வைத்துவிட்டான். சிவரூபி அந்தப் பெயரை ஒருநாளும் சொல்லவில்லை. அவளுக்கு அது "அவள்".

"அக்கா, உங்க சக்களத்தி நல்ல வாட்டசாட்டமா இருக்காக்கா" என்றான் ஜெயமணி.

"முகத்தைப் பார். அம்மிக்கல்லு மாதிரி" என்றாள் சிவரூபி. இரண்டு ஆந்தைக்கும் ஒரே முகம்தான் என்பதை ஜெயமணி எடுத்துச் சொல்லவில்லை. அவனுக்கும் உயிர்மேல் ஆசை இருந்தது.

ஆமிரா எல்லோரையும் நிறுத்தி வைத்துத் திட்டத்தைச் சொன்னார். அந்தக் காடுகளில் எலி பெருகும் வருடத்தில்தான் இந்த ஆந்தைகள் முட்டையிடும். எலி குறைந்த வருடத்தில் முட்டை என்ற பேச்சே இல்லை. ஆகவே இனி எலி தாராளமாக வைக்க வேண்டும், இது நல்ல வருடம் என்று அவை நம்ப வேண்டும். இவற்றுக்குக் கூடு கட்டத் தெரியாது, முறிந்து நிற்கும் பட்டமரத்தின் உச்சிதான் வீடு. ஆகவே நடுவில் செத்து நிற்கும் பர்ச் மரத்தை அழகுக்காக யாரும் வெட்டக் கூடாது. பெண் அடைகாக்க உட்கார்ந்தால் எழுந்து போய் வேட்டையாடாது; ஆண் கொண்டுவந்து கொடுத்தால்தான் அதற்குச் சாப்பாடு. ஆண் கொடுக்கவில்லை என்றால் பசி பொறுக்காமல் எழுந்துவிடும், முட்டை குளிர்ந்துவிடும்.

"அதனால், சிவரூபி, நீ அவன் கண்ணில் படக் கூடாது. நீ தெரிகிறவரைக்கும் அவன் அவளைத் திரும்பிப் பார்க்க மாட்டான்."

முதல் வாக்கியம் அவளைச் சுட்டது. இரண்டாவது வாக்கியம் அந்தச் சூட்டில் வெண்ணெய் தடவியது. அவளை ரெயின்டீர் மான்களுக்கு மாற்றினார்கள். மூட்டை மூட்டையாக வரும் காய்ந்த பாசியை உதறி மான்களுக்குப் போடுவது அவள் வேலை. ஆந்தைகளுக்கு ஜெயமணி ஆள் தெரியாமல், கதவடியில் இருந்த இழுப்புப் பெட்டி வழியாக எலியைத் தள்ளினான்.

பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. பார்வையாளர் பக்கம் போய், கூண்டுக்கு அந்தப் பக்கமாகப் பதித்திருந்த கண்ணாடிக்கு இப்பால் நின்றாள். அந்தக் கருப்புக் கண்ணாடி வழியாக உள்ளேயிருந்து வெளியே தெரியாது. முதல் சில வாரங்கள் அவளுக்குத் திருவிழாதான். துரை வேலைக்காரர் கதவைப் பார்த்தபடியே கிளையில் இருந்தான். பின்லாந்துக்காரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், கெஞ்சிக் கூவினாள். அவன் திரும்பவில்லை. "பாத்தனியோ தம்பி, ஒரு கண்ணும் வைக்கேல்லை" என்று ஜெயமணியிடம் பெருமையடித்தாள். அன்று வீட்டில் புட்டு அவித்தாள்.

பிறகு ஒருநாள் மத்தியானம், பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாகக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்ற நேரத்தில், துரை ஓர் எலியை எடுத்துக்கொண்டு பின்லாந்துக்காரி பக்கத்தில் போய் இறங்கினான். முன்னால் குனிந்தான். கண்ணை மூடினான். அவளும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். சிவரூபிக்கு அடிவயிற்றில் யாரோ அடுப்பு மூட்டியதுபோல இருந்தது. அந்தக் குனிதல் என்னுடையது, அந்தக் கண் மூடுதல் என்னுடையது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். அழுகையாக வந்தது. ஓர் ஆந்தைக்காக அழுகிறோமே என்று வெட்கமாகவும் வந்தது. வெட்கம் கொஞ்ச நேரத்தில் போய்விட்டது, எரிச்சல் மட்டும் நின்றது.

பட்டமரத்தின் உச்சியில் மூன்று முட்டைகள். ஆமிரா சிரித்தே விட்டார். எல்லோருக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தார். சிவரூபி ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். வேப்பங்காயை விழுங்குவதுபோல விழுங்கினாள்.

அவன் தன்னை மறந்துவிட்டானா என்று ஒரே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றுதான் போனாள். எல்லாத் தப்பும் ஒரே ஒரு தடவை என்றுதானே தொடங்குகிறது. ஜெயமணி சாப்பிடப் போயிருந்தான். வேலைக்காரர் கதவில் முகம் அளவுக்கு ஒரு சின்னச் சன்னல் உண்டு. அதைத் திறந்து முகத்தைக் காட்டினாள். அவள் ஒன்றுமே பேசவில்லை. துரை கிளையிலிருந்து எழுந்தான், பெட்டிக்குப் போனான், எலியோடு நேரே சன்னலுக்கு வந்தான். குனிந்தான். கண்ணை மூடினான்.

அவள் வாங்கினாள்.

மறுநாளும் போனாள். வாங்குவது என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு இப்போது நன்றாகவே தெரியும். சென்ற வருடத்துச் சிவரூபி இல்லை இவள். ஓர் எலி குறைந்தால் அந்தத் தடிச்சி ஒன்றும் செத்துவிட மாட்டாள் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் துரைக்கு அரைகுறை வியாபாரம் தெரியாது. சன்னல் திறக்கும் என்று தெரிந்த பிறகு, அது மூடியிருக்கும் நேரத்திலும் எலியோடு அங்கேயே காத்திருந்தான். அவள் வராவிட்டால் எலியைச் சன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, போய் இன்னொன்றை எடுத்து வந்தான். மரத்து உச்சியில் பின்லாந்துக்காரி கூவிக்கொண்டே இருந்தாள். சிவரூபி வரும்போதெல்லாம் விளிம்பில் கிடந்ததை அள்ளிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

கூட்டில் இருந்த கேமரா கூட்டை மட்டும்தான் பார்க்கும். ஆமிரா அதில் பார்த்துவிட்டுக் கவலைப்பட்டார். பெண் இளைக்கிறது, அடிக்கடி எழுந்து நிற்கிறது. ஆனால் பெட்டியில் வைத்த எலி எல்லாம் காலி. ஆணுக்கு நோயா, எல்லாவற்றையும் அவனே தின்கிறானா, ஒன்றும் புரியவில்லை. கடைசியில் ஜெயமணியைக் கூப்பிட்டு, சொன்ன அளவு எலி வைக்கிறாயா என்று கேட்டார்.

ஜெயமணி முகம் செத்துவிட்டது. வெளியே வந்து சிவரூபியிடம் குமுறினான். "நான் என்னாக்கா, எலிய வீட்டுக்குக் கொண்டுபோயி கொழம்பா வைக்கப் போறேன்? இத்தன வருசத்துல என்னய யாரும் இப்பிடிக் கேட்டதில்லக்கா."

கேட்டுக்கொண்டிருந்தவளின் கோட்டுப் பையில் அப்போது இரண்டு எலிகள் இருந்தன. "விடு தம்பி, டொக்டர் யோசனையிலை கேட்டிருப்பா" என்றாள். தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை. இருந்தாலும் மறுநாள் போனாள்.

அன்றைக்குத் துரை சன்னலுக்கு வந்து இறங்கிய உடனேயே இன்னொரு நிழல் வந்து பக்கத்தில் இறங்கியது. பின்லாந்துக்காரி. இவ்வளவு கிட்டத்தில் சிவரூபி அவளைப் பார்த்ததே இல்லை. நெஞ்சு எலும்பு இறகுக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றது. பெரிய உடம்பைக் குஞ்சுபோலக் குறுக்கி, துரையின் அலகுக்குக் கீழே தலையை நீட்டிக் கெஞ்சினாள். துரை அவள் தலைக்கு மேலாக அலகை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு, எலியைச் சிவரூபியிடம் கொடுத்தான்.

ஜெயித்தேன் என்று நினைத்தாள். உண்மையைச் சொல்ல வேண்டுமே, அதுதான் அவளுக்கு முதலில் வந்த நினைப்பு. நெஞ்சு குளிர்ந்தது. பிறகுதான் அந்த இரண்டு தலைகளுக்கும் அப்பால் பார்த்தாள். பட்டமரத்தின் உச்சியில் யாரும் இல்லை. மேலே இயந்திரம் தன் பாட்டுக்குப் பனி தூவிக்கொண்டிருந்தது. திறந்து கிடந்த முட்டைகளின் மேல் அது விழுந்துகொண்டிருந்தது.

தன் புருஷன் செத்தாலும் சரி, சக்களத்தி தாலி அறுக்க வேண்டும் என்று ஊரில் ஒரு பழமொழி. சிறுபிள்ளையில் கேட்டுச் சிரித்தது. இப்போது அவள் கையில் வெதுவெதுப்புக்கூட இல்லாத ஒரு வெள்ளை எலி இருந்தது, அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எலியைத் திருப்பி நீட்டினாள். "அவளுக்குக் குடு" என்றாள். துரை வாங்கவில்லை. பின்லாந்துக்காரி பக்கமாக எறிந்தாள். துரை பாய்ந்து எடுத்துத் திரும்பவும் அவளிடமே கொண்டுவந்தான். மறுத்தால் இன்னும் அதிகமாகக் கெஞ்ச வேண்டும் என்பதுதான் அவனுக்குத் தெரிந்த சட்டம். சன்னலைச் சாத்தினாள். அவன் அங்கிருந்து போகவில்லை என்பது கதவில் கேட்ட நகக் கீறலில் தெரிந்தது.

நேரே ஆமிராவின் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டாள். பதறினால் அவளுடைய ஆங்கிலம் பாதி தமிழாகிவிடும். ஆமிராவுக்குப் பாதிதான் புரிந்திருக்கும், ஆனால் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்த எலிகளுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. ஆமிரா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மேசையில் கிடந்த எலிகளை எண்ணினார். பிறகு, "ஜெயமணியிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். நீயும்தான்" என்றார்.

"முட்டையளை மெஷினிலை வைச்சுப் பொரிக்க ஏலாதோ டொக்டர்?"

"முடியும். பொரித்து நம் கையால் ஊட்டி வளர்த்தால் மனிதரைப் பெண்டாட்டி என்று நினைக்கிற இன்னும் மூன்று துரை கிடைப்பார்கள். எனக்கு ஆந்தைகள் வேண்டும்." ஆமிரா நெற்றியைத் தேய்த்தார். "ஒரு வழிதான் தெரிகிறது. ஆணை வெளியே எடுத்துப் பின்கூண்டில் விடுகிறேன். நீயே பார்த்துக்கொள். பெண்ணுக்கு மரத்தடியிலேயே எலி வைத்துப் பார்ப்போம். அது முட்டையை விட்டு இறங்காமல் இருக்குமா என்று எனக்கு நம்பிக்கை இல்லை. இருப்பது இதுதான்."

பின்கூண்டு. துரையும் அவளும். நடுவில் ஒருத்தியும் இல்லை. காலையில் எலி, மத்தியானம் எலி, ஆயுசு முழுக்க எலி. அவள் கேட்டதெல்லாம் இதுதானே, தட்டில் வைத்து நீட்டுகிறார்கள். ஆம் என்று சொல்ல வாய்கூடத் திறந்தாள். சொல்ல முடியவில்லை. இன்னொருத்தி பக்கத்தில் இருந்தும் அவன் தன்னிடம் வந்தான், அதுதான் பெருமை. போக வேறு இடமே இல்லாதவன் வந்து கொடுத்தால் அதில் என்ன இருக்கிறது? அடைத்து வைத்து வாங்குவதற்கும் கேட்டு வாங்குவதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்தத் துருத்திய நெஞ்சு எலும்பு வேறு கண்ணைவிட்டுப் போக மறுத்தது.

வடகாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஊட்டுகிற கை பிடிக்கக் கூடாது, பிடிக்கிற கை ஊட்டக் கூடாது. எடை பார்க்கவோ ஊசி போடவோ ஒரு பிராணியைப் பிடிக்க வேண்டுமென்றால், அதற்குச் சோறு போடுகிறவர் அந்தப் பக்கமே வர மாட்டார். ஜெயமணி மஞ்சள் கோட்டு மாட்டி, முகத்தை மூடிக்கொண்டு, வலையோடு போவான். பிராணி மஞ்சள் கோட்டை வெறுக்கும். ஊட்டுகிறவர்மேல் உள்ள நம்பிக்கை கெடாது. ஒருமுறை கெட்டால் திரும்பி வராது என்று எல்லோரும் சொல்வார்கள்.

"நானே பிடிக்கிறன் டொக்டர்" என்றாள் சிவரூபி. "மஞ்சள் கோட்டு வேண்டாம். என்ரை முகத்தோடை."

ஆமிரா அவளை நிமிர்ந்து பார்த்தார். "பிறகு அவன் உன்னிடம் வரவே மாட்டான்."

"தெரியும். அப்பத்தான் எலி அவளுக்குப் போகும்."

பின்லாந்துக்காரி விட்டுப்போன முட்டைகளின் மேல் திரும்ப வந்து உட்கார்ந்தாள் என்று கேமரா பார்த்துச் சொன்னார்கள். காத்திருக்க நேரம் இல்லை. சிவரூபி தன் வழக்கமான கோட்டையே போட்டுக்கொண்டாள். ஜெயமணி வலையைக் கொண்டுவந்து கொடுத்தான். அவனிடம் நடந்ததை முதலிலேயே சொல்லியிருந்தாள். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டுதான் நின்றான், ஆனாலும் வலையின் பிடியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தான். "ஒரே வீச்சுக்கா. தயங்குனீங்கன்னா ரெக்க ஒடிஞ்சிரும்."

கூண்டுக்குள் போனாள். மாதக்கணக்கில் அவள் கால் படாத பனி. துரை அவளைக் கண்டதும் எழுந்தான். சன்னல் வழியாக முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு முழு ஆளும் வந்து நிற்கிறாள். பெட்டிக்குப் போய், இருந்ததில் பெரிய எலியாக எடுத்தான். பெரியது என்று எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அவளுக்கு அப்படித்தான் தெரிந்தது. தாழ்ந்த கிளைக்கு வந்து, தோளோடு தோளாக உட்கார்ந்தான். வலை அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

துரை முன்னால் குனிந்தான். கண்ணை மூடினான்.

அவள் வீசினாள்.

முதலில் அவன் திமிறவே இல்லை. வலைக்குள் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான்; எலி இன்னும் அலகில் இருந்தது. பிறகு எலி விழுந்தது. இறக்கையும் நகமுமாக ஒரே கொந்தளிப்பு. ஜெயமணி சொன்னபடி கால்களை இறுக்கிப் பிடித்து, முகத்தை மறைக்காமல், அவனுக்கு நேராகவே வைத்துக்கொண்டாள். ஆமிரா வந்து இறக்கையைப் பார்த்து, எடை பார்த்து, "கலாஸ், போதும், விடு" என்றார். விட்டதும் துரை கூண்டின் ஆக உயரமான மூலைக்குப் போனான். சிறகுகளைக் குடைபோல விரித்தான். அவளைப் பார்த்து அலகைப் படார் படார் என்று அடித்தான்.

ஒரு தடவை போதாது என்றார் ஆமிரா. மன்னித்துவிடுவானாம். ஆகவே அடுத்த நாட்களிலும் வலையோடு போய் நின்றாள், வீசவில்லை, நின்றாள். கொல்லையில் காக்காய்க்கு வைக்கும் வெருளிபோல நின்றுவிட்டு வந்தாள். இரண்டாம் நாள் அவன் சன்னல் பக்கமே வரவில்லை. பெட்டியிலிருந்து எலியை எடுத்தான், கதவைப் பார்த்தான், அவளைக் கண்டு பின்வாங்கினான். எலி அலகில் இருக்கிறது, கொடுக்க ஆள் வேண்டும். பட்டமரத்து உச்சியில் இருந்து கூவல் வந்தது. துரை அங்கே போனான்.

சிவரூபி வேலையறையில் கேமராத் திரையில் அதைப் பார்த்தாள். பின்லாந்துக்காரி கண்ணை மூடிக்கொண்டு வாங்கி, அப்படியே முழுசாக விழுங்கினாள். ஒன்றை விழுங்கி முடிப்பதற்குள் அடுத்ததற்குக் கூவினாள். "தின்னடி, நல்லாத் தின்" என்றாள் சிவரூபி திரையைப் பார்த்து. அது ஆசீர்வாதமா சாபமா என்று பக்கத்தில் நின்ற ஜெயமணியால் சொல்ல முடியவில்லை.

மூன்று முட்டைகளில் ஒன்று பொரிக்கவே இல்லை. அன்று பனி விழுந்ததில் குளிர்ந்து போனது அதுதான் என்றார் ஆமிரா. யார் முகத்தையும் பார்த்துச் சொல்லவில்லை. சிவரூபி அன்று மான்களுக்குப் பாசி உதறிக்கொண்டே அழுதாள். மற்ற இரண்டும் பொரித்தன. பஞ்சுப் பொதிபோல இரண்டு தலைகள் பின்லாந்துக்காரியின் வயிற்றுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தன. துரைக்கு இப்போது நிற்க நேரமில்லை. பெட்டிக்கும் மரத்துக்குமாக ஓடியபடி இருந்தான். வேலைக்காரர் எல்லோரும் கூடி நின்று பார்த்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு சிவரூபி ஜெயமணியோடு கதவுக்குப் போனாள். சின்னச் சன்னலைத் திறந்து முகத்தைக் காட்டினாள். துரை அலகில் எலியோடு பறந்துகொண்டிருந்தவன், சட்டென்று கிளையில் இறங்கி, எலியைக் காலடியில் போட்டு மிதித்துக்கொண்டு, சிறகை விரித்தான். படார். படார். அவள் சன்னலை மூடும்வரை நிறுத்தவில்லை.

"வேணாங்கக்கா, வாங்க" என்றான் ஜெயமணி. அவனுக்கே பாவமாக இருந்தது.

"தம்பி, உன்னைக் கண்டால் அவன் இப்பிடி அலகை அடிக்கிறவனோ?"

"இல்லக்கா. மஞ்சக் கோட்டு போட்டாத்தான். மூஞ்சிய அவன் பாத்ததில்லையே."

"டொக்டரைக் கண்டால்?"

"இல்லக்கா."

"அவளைக் கண்டு ஒருநாளாவது அடிச்சவனோ?"

"துரைசானியவா? அத எதுக்கு அடிக்கப் போறான்?"

சிவரூபி கோட்டுப் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டாள். கண் கலங்கித்தான் இருந்தது, ஆனால் தலை நிமிர்ந்திருந்தது.

"பாத்தியோ?" என்றாள். "அது எனக்கு மட்டும்தான்."